சர்வீஸ் ரிப்போர்ட் இருக்கிறது, அப்புறம் எதற்கு இன்னொரு சர்டிபிகேட்?

கேள்வி சுருக்கமாக: பெங்களூரு பீன்யாவில் ஒரு பேக்கேஜிங் யூனிட், நெலமங்கலா பக்கம் ஒரு குடோன். 3 டன் டீசல் ஃபோர்க்லிஃப்ட் சொந்தம். பேட்டரியில் ஓடும் 2 டன் வண்டி மாத வாடகைக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் ஆள் வந்து போகிறார், ரிப்போர்ட் எல்லாம் பைலில் இருக்கிறது. இப்போது இங்கிலாந்து வாடிக்கையாளர் அனுப்பிய ஆடிட்டர் "லோலர் சர்டிபிகேட் எங்கே?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். சட்டப்படி என்னதான் வேண்டும், வாடகை வண்டிக்கு யார் பொறுப்பு என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆடிட்டர் சொன்ன பெயர் நமக்குப் பொருந்தாது. ஆனால் அவர் கேட்ட விஷயம் நியாயமானது. சர்வீஸ் ரிப்போர்ட் மட்டும் போதாது.

லோலர் என்பது பிரிட்டனில் 1998இல் வந்த தூக்கும் கருவிகளுக்கான விதி. அதன்படி சரக்கு மட்டும் தூக்கும் வண்டியை வருடத்துக்கு ஒருமுறையாவது, ஆளைத் தூக்கும் வண்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது, தகுதியுள்ள ஒருவர் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும். சுமை ஏறி இறங்கும் மாஸ்ட் என்ற தூண், தூக்கும் செயின், சுமையைத் தாங்கும் ஃபோர்க் என்ற இரும்புக் கைகள் எல்லாம் அதில் வரும். பிரேக், ஸ்டீயரிங், டயர் போன்றவை பியூவர் என்ற இன்னொரு 1998 விதியில் வருகின்றன. அங்கே இரண்டையும் சேர்த்து ஒரே பரிசோதனையாக முடிப்பார்கள். உடனடி ஆபத்தான குறை எதையாவது பரிசோதகர் கண்டுபிடித்தால் முதலாளியிடம் சொன்னால் மட்டும் போதாது, அறிக்கையின் நகலை அரசு அமைப்புக்கும் அவர் அனுப்பியாக வேண்டும். இந்த ஒரு விதியால்தான் அங்கே அந்தக் காகிதத்துக்கு இவ்வளவு மதிப்பு. ஆனால் இவை எதுவும் பீன்யாவில் சட்டம் ஆகாது. இங்கே யாராவது உங்களுக்கு "லோலர் சர்டிபிகேட்" அடித்துக் கொடுத்தால், இங்கிலாந்து வாடிக்கையாளரின் திருப்திக்கு அது உதவலாம், பேக்டரி இன்ஸ்பெக்டர் முன்னால் உதவாது.

நம் சட்டத்துக்கு வருவோம். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு தூக்கும் இயந்திரங்களைப் பற்றியது. நல்ல கட்டுமானம், நல்ல உலோகம், போதுமான வலு, குறையின்மை, ஒழுங்கான பராமரிப்பு ஆகியவற்றை அது கேட்கிறது. அதோடு 12 மாதத்துக்கு ஒருமுறையாவது "காம்பிடன்ட் பெர்சன்" எனப்படும் அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் முழுமையாகப் பரிசோதித்து, அது பதிவேட்டில் ஏற வேண்டும். எவ்வளவு எடை தூக்கலாம் என்பதை வண்டியிலேயே தெளிவாகக் குறித்திருக்க வேண்டும், அதற்கு மேல் ஏற்றக் கூடாது. பரிசோதனை என்றால் என்ன என்பதையும் அதே பிரிவு சொல்லிவிடுகிறது: கண்ணால் பார்ப்பது, தேவைப்பட்டால் வேறு வழிகளிலும் பார்ப்பது, அவசியமானால் பாகங்களைக் கழற்றிப் பார்ப்பது, அதன் பிறகே பாதுகாப்பைப் பற்றி நம்பத்தகுந்த முடிவுக்கு வருவது.

இதில் ஓர் ஓட்டை உண்டு, அதைக் காட்டி வாதாடுகிறவர்களும் உண்டு. "தூக்கும் இயந்திரம்" என்பதற்கு அந்தப் பிரிவு தரும் விளக்கத்தில் கிரேன், வின்ச், புல்லி பிளாக், டிரான்ஸ்போர்ட்டர், ரன்வே என்று பெயர்கள் வரும். ஃபோர்க்லிஃப்ட் என்ற பெயர் வராது. "அப்படியானால் எனக்கு 29 பொருந்தாதே" என்று கேட்பார்கள். நீதிமன்றத்தில் இது நிற்குமா விழுமா என்று பந்தயம் கட்டும் வேலை ஒரு யூனிட் நடத்துகிறவருக்குத் தேவையில்லை. காரணம், 1987 திருத்தத்தில் சேர்ந்த 7ஏ பிரிவு. இயந்திரங்களைப் பாதுகாப்பாக வைப்பதும் பராமரிப்பதும் ஆக்குபையரின், அதாவது தொழிற்சாலையை இறுதியாகத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரின், பொதுக் கடமை என்று அது சொல்கிறது, இயந்திரத்தின் பெயரைக் கேட்பதில்லை. நடைமுறையிலும் காம்பிடன்ட் பெர்சன்கள் ஃபோர்க்லிஃப்டுக்கு 29ஆம் பிரிவின் கீழ்தான் அறிக்கை தருகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை அதை வாங்கிவிடுங்கள். ஓட்டையில் ஒளிந்துகொண்டு மிச்சம் பிடிப்பது சில ஆயிரம் ரூபாய்தான்.

ஆக்குபையர் யார் என்பதிலும் பலருக்குக் குழப்பம். கம்பெனி என்றால் டைரக்டர்களில் ஒருவர்தான் ஆக்குபையர். பேக்டரி மேனேஜரையோ மெயின்டனன்ஸ் இன்சார்ஜையோ அந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு டைரக்டர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது என்று 1996இல் ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே சர்வீஸ் கம்பெனியோடு ஏஎம்சி (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டிருக்கிறேன் என்பதால் பொறுப்பு அவர்கள் தலைக்குப் போய்விடாது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்துவிட்டன. தொழிற்சாலைச் சட்டம் உட்படப் பதின்மூன்று சட்டங்கள் 2020ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புக்குள் போயிருக்கின்றன. பழைய விதிகள், புதியவற்றோடு முரண்படாத வரை, மாற்றக் காலத்தில் தொடரும் என்பது அரசின் நிலை. எனவே "29 போய்விட்டது, இனி ஒன்றும் வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். புதிய தொகுப்பின் 6ஆம் பிரிவும் பணியிடத்தை ஆபத்தில்லாமல் வைத்திருப்பதை முதலாளியின் கடமையாகத்தான் வைத்திருக்கிறது. தண்டனை கூடியிருக்கிறது. கடமை தவறியதால் ஒரு சாவு நேர்ந்தால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஐந்து லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைப் பாதிக்கப்பட்டவருக்கோ அவர் வாரிசுகளுக்கோ கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

உங்களைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் நெலமங்கலாவில்தான். உற்பத்தி எதுவும் நடக்காத தனிக் குடோன் பழைய சட்டப்படி பெரும்பாலும் "தொழிற்சாலை" ஆகாது, கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தில் போய் உட்கார்ந்துவிடும். அதனால்தான் தும்கூர் ரோட்டிலும் ஹொசகோட்டே பக்கமும் வரிசையாக நிற்கும் குடோன்கள் பலவற்றில் ஃபோர்க்லிஃப்ட் பரிசோதனை என்ற பேச்சே எழாமல் இருந்தது. புதிய தொகுப்பு பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களைப் பொதுவாகவே உள்ளே கொண்டுவருகிறது. கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். லோடிங் ஆட்களோடு சேர்த்தால் பத்தைத் தாண்டிவிடும்.

சரி, பரிசோதனை செய்ய யாரைக் கூப்பிடுவது? காம்பிடன்ட் பெர்சன் என்பது யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளும் பட்டம் அல்ல, தலைமை ஆய்வாளரின் அங்கீகாரம் பெற்றவர். கர்நாடகத்தில் அதைத் தருவது தொழிற்சாலைகள், கொதிகலன்கள், தொழில் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை. பன்னேர்கட்டா ரோட்டில் கார்மிக பவனில் இருக்கிறது. அங்கீகாரம் பிரிவு வாரியாகத் தருவார்கள். பிரஷர் வெசல் பார்க்க அங்கீகாரம் வாங்கியவர் உங்கள் ஃபோர்க்லிஃப்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை. வரும்போதே அவருடைய அங்கீகாரக் கடிதத்தின் நகலை வாங்கிப் பாருங்கள். தூக்கும் இயந்திரப் பிரிவு அதில் இருக்கிறதா, தேதி முடியவில்லையா என்ற இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் வண்டிக்கு அழைத்துப் போக வேண்டும்.

இன்னொன்று. சர்வீஸ் செய்கிற கையே பரிசோதனையும் செய்தால் எனக்குப் பிடிப்பதில்லை. நேற்று தான் மாட்டிய செயினை இன்று "சரியில்லை" என்று எழுத யாருக்கு மனம் வரும்? சர்வீஸ்காரர் வருவது வண்டி ஓடுவதற்கு. ஆயில், பில்டர், பெல்ட், கிரீஸ் என்று அவர் பட்டியல் நீளும், வண்டி நிற்காமல் ஓடினால் அவர் வேலை முடிந்தது. பரிசோதகர் கேட்கும் கேள்வி வேறு: இந்த வண்டி இன்னும் ஒரு வருடம் ஆளைக் கொல்லாமல் தூக்குமா? உங்கள் பைலில் இருக்கும் ரிப்போர்ட்டை எடுத்து, ஃபோர்க்கின் தடிமன் எத்தனை மில்லிமீட்டர், செயின் எத்தனை சதவீதம் நீண்டிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். அனேகமாக "செக்ட், ஓகே" என்றுதான் இருக்கும். எண் இல்லாத ஓகேயை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

அந்த எண்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உங்கள் மெயின்டனன்ஸ் பையனே அளக்கக் கூடியவை அவை.

முதலில் ஃபோர்க். தேய்மானம் அதிகம் விழுவது குதிகாலில், அதாவது ஃபோர்க் நிமிர்ந்து வளையும் இடத்தில். தரையில் உரசியபடி பேலட்டுக்குள் நுழைக்கும் ஆபரேட்டர் இருந்தால் இன்னும் சீக்கிரம். ஐஎஸ்ஓ 5057 என்ற தரம் சொல்வது இது: குதிகாலின் தடிமன் முதலில் இருந்ததில் 90 சதவீதத்துக்குக் கீழே வந்தால் அந்த ஃபோர்க்கைக் கழற்ற வேண்டும். 3 டன் வண்டியில் ஃபோர்க் 45 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால், 40.5இல் அதன் ஆயுள் முடிகிறது. நாலரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் வளைவைத் தாங்கும் வலு தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.9ஐ 0.9ஆல் பெருக்கினால் 0.81. பத்துச் சதவீதம் தேய்ந்தால் வலுவில் பத்தொன்பது சதவீதம் போய்விட்டது. அளக்கும்போது வெர்னியர் அளவுகோலை ஃபோர்க்கின் நிமிர்ந்த பாகத்தில் ஒருமுறை வையுங்கள், அங்கே தேய்மானம் இல்லாததால் அதுதான் பழைய தடிமன். பிறகு குதிகாலில் வையுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால் கேட்லாக் தேடவே வேண்டாம்.

இரண்டு நுனிகளின் உயர வித்தியாசம் ஃபோர்க் நீளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 1070 மில்லிமீட்டர் நீளம் என்றால் 32. நிமிர்ந்த பாகத்துக்கும் படுத்த பாகத்துக்கும் உள்ள கோணம் 93 டிகிரியைத் தாண்டினாலும் போச்சு. குதிகாலின் உள்வளைவிலும் மேலே மாட்டும் கொக்கியின் வெல்டிங்கிலும் விரிசல் இருக்கிறதா என்று விரிசலைக் காட்டும் சாயமான டை பெனட்ரன்ட் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒன்று மட்டும் கட்டாயம்: விரிசல் விட்ட ஃபோர்க்கைத் தெருமுனை வெல்டிங் கடைக்குக் கொண்டுபோய் ஒட்டவைத்து வராதீர்கள். அது சூடேற்றிப் பதப்படுத்திய இரும்பு. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே முறியும். பீன்யாவில் அரை மணி நேரத்தில் ஒட்டித் தர ஆள் கிடைப்பார், அதுதான் சங்கடமே.

அடுத்தது செயின். மேலே ஏற்றும் இலைச் செயின் (தட்டையான தகடுகளை அடுக்கிக் கோத்தது) 3 சதவீதம் நீண்டுவிட்டால் மாற்ற வேண்டும் என்பது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட அளவு. சில தயாரிப்பாளர்கள் 2 சதவீதத்திலேயே மாற்றச் சொல்கிறார்கள், உங்கள் வண்டியின் மேனுவலில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே கணக்கு. பிட்ச், அதாவது அடுத்தடுத்த இரண்டு ஆணிகளுக்கு இடையிலான தூரம், 19.05 மில்லிமீட்டர் உள்ள செயினில் 16 பிட்ச் சேர்ந்தால் புதிதாக இருக்கும்போது 304.8, அதாவது சரியாக ஓர் அடி. அது 314ஐத் தொட்டால் 3 சதவீதம் ஆகிவிட்டது. எங்கே அளக்கிறோம் என்பதுதான் முக்கியம். நங்கூர போல்ட்டுக்குப் பக்கத்தில் உள்ள துண்டு புல்லி மேல் ஓடுவதே இல்லை, வருடக் கணக்கில் புதுசாகவே இருக்கும். சர்வீஸ் ஆட்கள் கைக்கு எட்டுகிறது என்று அங்கேதான் ஸ்கேலை வைப்பார்கள். தினமும் புல்லியில் ஏறி இறங்கும் நடுப்பாகத்தில், லேசான சுமையோடு செயின் விறைப்பாக இருக்கும்போது அளக்க வேண்டும். துரு, விரிந்த தகடு, திரும்பிக்கொண்ட இணைப்பு ஆணி (பின்) இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சதவீதக் கணக்கே தேவையில்லை, கழற்றிவிடலாம். மாற்றினால் இரண்டு செயினையும் ஒன்றாக மாற்றுங்கள். பழசும் புதுசும் சேர்ந்தால் சுமை முழுக்கப் புதுசின் மேல் விழும். ஆயில் போடாமல் பெயின்ட் அடித்து வைக்கும் வழக்கத்தையும் நிறுத்துங்கள். பெயின்ட் பின்னுக்குள் ஆயில் இறங்குவதைத் தடுக்கும், விரிசலையும் மறைக்கும்.

ஹைட்ராலிக்குக்கு எளிய சோதனை உண்டு. வண்டி தூக்கக் கூடிய முழு எடையை ஏற்றி, ஆயில் சூடாக இருக்கும்போது தூக்கி நிறுத்தி, பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். பத்து சென்டிமீட்டருக்கு மேல் தானாக இறங்கினால் சிலிண்டர் சீலையோ வால்வையோ பார்க்க வேண்டும். ஓஸில் கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்கிற பழக்கம் நம் ஆட்களிடம் அதிகம். ஊசிமுனை ஓட்டையிலிருந்து பீச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், விரலையே எடுக்க வேண்டிவரும். ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், போதும். பிரேக், ஸ்டீயரிங், டயர் பற்றி உங்களுக்குத் தெரியாதது இல்லை. சாலிட் டயரின் பக்கவாட்டில் தேய்மானக் கோடு ஒன்று இருக்கும், அது வரை தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

வாடகை பேட்டரி வண்டியைப் பற்றிக் கேட்டீர்கள். அதில் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியின் எடை. பேட்டரி வண்டியில் பேட்டரி கரன்ட் தருவதோடு நிற்பதில்லை, பின்பாரமும் அதுதான். வண்டி எவ்வளவு தூக்கலாம் என்று எழுதி ஒட்டிய கேபாசிட்டி பிளேட்டில் பேட்டரி எடை குறைந்தது இவ்வளவு, அதிகம் போனால் இவ்வளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். இப்போது பெங்களூரில் பழைய லெட் ஆசிட்டைக் கழற்றிவிட்டு லித்தியம் பேக் போட்டுக் கொடுப்பது வேகமாகப் பரவுகிறது. சார்ஜ் சீக்கிரம் ஏறும், டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றும் வேலை இல்லை, நல்லதுதான். ஆனால் அதே திறனுள்ள லித்தியம் பேக்கின் எடை கணிசமாகக் குறைவு. குறைந்த சில நூறு கிலோவை இரும்புக் கட்டியாக அதே பெட்டிக்குள் வைக்காமலும், நகராதபடி போல்ட் போடாமலும், தயாரிப்பாளரிடம் ஒப்புதல் வாங்காமலும் விட்டால், 2 டன் வண்டி 2 டன் தூக்கும்போது பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஸ்டீயரிங் பின்சக்கரத்தில்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். வாடகைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: பேட்டரி மாற்றியதா, மாற்றியிருந்தால் எடை எவ்வளவு, எங்கே எழுதியிருக்கிறது?

லெட் ஆசிட் பேட்டரியாகவே இருந்தால் சார்ஜ் செய்யும் மூலையைப் பாருங்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். சிறிய ஷெட்டில் இடம் இல்லை என்று டாய்லெட் பக்கத்து அறையில் ஜன்னலை மூடி வைத்துச் சார்ஜ் போடுவதைப் பார்த்திருக்கிறேன். காற்று ஓட வேண்டும், பீடி சிகரெட் கூடாது, கண் கழுவத் தண்ணீர் எட்டும் தூரத்தில் வேண்டும்.

வாடகை வண்டியின் பொறுப்பு இரண்டு பேருக்கும் உண்டு. வாடகைக்குக் கொடுக்கிறவர் சரியான வண்டியைப் பரிசோதனை அறிக்கையோடு தர வேண்டும். ஆனால் அது உங்கள் ஷெட்டுக்குள் உங்கள் ஆட்களுக்கு நடுவில் ஓடும்போது, பாதுகாப்பாக ஓடுகிறதா என்று சட்டம் கேட்பது உங்களைத்தான். ஆகவே ஒப்பந்தத்தில் எழுத வேண்டியதை எழுதிவிடுங்கள். தினசரிச் சோதனை யார், மணிக்கணக்குச் சர்வீஸ் யார், வருடப் பரிசோதனைச் செலவு யார், பழுது சொன்னால் எத்தனை மணி நேரத்துக்குள் வர வேண்டும், வராவிட்டால் மாற்று வண்டி உண்டா. குறிப்பாக இந்தக் கடைசி வரி. மாற்று வண்டி கிடைக்காது என்று தெரிந்தால் சூப்பர்வைசர் பிரேக் பிடிக்காத வண்டியையே "மெதுவாக ஓட்டுப்பா" என்று சொல்லி அனுப்பிவிடுவார். ஆபரேட்டரும் வாடகைக்காரரின் ஆள் என்றால் அவருக்குப் பயிற்சி கொடுத்த ஆதாரத்தையும் வாங்கி வையுங்கள். தொழிற்சாலைச் சட்டத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட அரசு லைசென்ஸ் என்று தனியாக ஒன்று கிடையாது. "லைசென்ஸ்" என்று அட்டையில் லேமினேட் செய்து தருவது பயிற்சி நிலையத்தின் சான்றுதான். அது இருக்கட்டும், ஆனால் இந்த வண்டியை இந்த ஷெட்டில் இன்னார் ஓட்டலாம் என்று நீங்கள் எழுத்தில் கொடுத்த அனுமதியும் வேண்டும்.

கேபாசிட்டி பிளேட் பற்றி ஒரு வார்த்தை. 3 டன் வண்டி என்றால் எதை வைத்தாலும் 3 டன் தூக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்த 3000 கிலோ, சுமையின் மையம் ஃபோர்க் முகத்திலிருந்து 500 மில்லிமீட்டரில் இருந்தால் மட்டும். உங்களிடம் வரும் நீளமான அட்டைக் கட்டின் மையம் 700இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன் ஆக்ஸிலிலிருந்து ஃபோர்க் முகம் வரை 475 மில்லிமீட்டர் உள்ள வண்டியில் 3000ஐ 975ஆல் பெருக்கி 1175ஆல் வகுத்தால் சுமார் 2,490 கிலோ. அரை டன் காணாமல் போய்விட்டது. மாஸ்ட் உயர உயர இன்னும் குறையும். காகித உருளையைப் பிடிக்கும் ரோல் கிளாம்ப் மாதிரி அட்டாச்மென்ட் மாட்டினால் அதன் எடையும் கழியும், அதற்குத் தயாரிப்பாளரிடமிருந்து தனிப் பிளேட் வாங்கி ஒட்ட வேண்டும். என் கணக்கு புரிவதற்காகத்தான், தூக்குவதற்குப் பிளேட்டில் இருக்கும் எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

அந்தப் பிளேட் படிக்கும்படி இருக்கிறதா? ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் போய்ப் பாருங்கள். மாஸ்ட்டில் வாழைக்கன்று கட்டிய சணல் செயினுக்குள் சிக்கியிருக்கும், பொட்டு வைக்கத் தோதான சதுரம் என்று கேபாசிட்டி பிளேட் மேல்தான் சந்தனமும் குங்குமமும் அப்பியிருக்கும். வருடா வருடம் அப்பி, அப்புறம் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, எழுத்தே போய்விட்ட பிளேட்டுகள் இந்த ஊரில் நிறைய. பூஜையைத் தாராளமாகச் செய்யுங்கள், பொட்டை மட்டும் வண்டியின் பின்பாரமான கவுன்ட்டர்வெயிட்டில் வையுங்கள், அங்கே இடம் இருக்கிறது. அன்றைக்கே சீரியல் லைட் கட்ட ஒரு பையனைப் பேலட் மேல் நிறுத்தி மேலே தூக்குவதும் நடக்கும். கம்பி அடைப்பும் பூட்டும் உள்ள, அந்த வண்டிக்கென்று ஒப்புக்கொள்ளப்பட்ட கூண்டு இல்லாமல் ஆளைத் தூக்கக் கூடாது. இதில் மட்டும் சமரசமே வேண்டாம்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பீன்யா என்பதால். இரண்டு ஷெட்டுக்கு நடுவில் பொதுத் தெரு இருந்தால் வண்டி அதைக் கடக்கிறதா? மோட்டார் வாகனச் சட்டம், தொழிற்சாலை அல்லது அடைத்த வளாகத்துக்குள் மட்டுமே பயன்படும் சிறப்பு வண்டியை "மோட்டார் வாகனம்" என்ற விளக்கத்திலிருந்து விட்டுவிடுகிறது. கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்ததும் அந்த "மட்டுமே" உடைகிறது. ரோட்டில் ஓடும் தகுதியோடு தயாரான ஃபோர்க்லிஃப்டை மத்திய மோட்டார் வாகன விதிகள் கட்டுமானக் கருவி வாகனம் என்ற வகையில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கின்றன. பதிவு, இன்சூரன்ஸ், ஓட்டுநர் உரிமம் இல்லாத வண்டி தெருவில் ஒரு டூவீலரை இடித்தால், 29ஆம் பிரிவுச் சான்று உங்களைக் காப்பாற்றாது. பத்தடிதானே என்று விடாதீர்கள், ஹேண்ட் பேலட் டிரக்கிலோ டாடா ஏஸிலோ அனுப்புங்கள்.

தினசரிச் சோதனைக்கு வருவோம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி வண்டியைத் தினமும், இரவும் பகலும் ஓடினால் ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் பார்க்கச் சொல்கிறது. நம் ஊரில் ஷிப்ட் மாறும் ஐந்து நிமிடத்தில் இதைச் செய்வதற்கு ஒரே தடை காகிதம்தான். ஆங்கிலத்தில் நாற்பது வரி அச்சடித்துக் கொடுத்தால், ஆபரேட்டர் மாதக் கடைசியில் ஒரே பேனாவில் முப்பது நாளுக்கும் டிக் அடித்துத் தருவார். ஒரே மை, ஒரே சாய்வு, நடுவில் ஞாயிற்றுக்கிழமைக்கும் டிக் இருக்கும், ஆடிட்டர் முதலில் பார்ப்பது அதைத்தான். உங்கள் ஆபரேட்டர் ராய்ச்சூர்க்காரரா, தர்மபுரிக்காரரா, பீகாரியா என்று பார்த்து அவர் மொழியில் பத்தே வரி போடுங்கள்: பிரேக், ஹேண்ட் பிரேக், ஸ்டீயரிங், ஹார்ன், ரிவர்ஸ் சத்தம், டயர், ஃபோர்க் பூட்டு, செயின், கசிவு, சீட் பெல்ட். பக்கத்தில், வண்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் மணிநேர மீட்டரின் எண்ணை எழுத ஒரு கட்டம். அந்த எண் தினமும் மாறுவதால் மாதக் கடைசியில் கற்பனை செய்து எழுத முடியாது. சர்வீஸ் இடைவெளியையும் அந்த எண்ணை வைத்தே கணக்கிடலாம். மூன்று மாதம் என்ற காலண்டர் கணக்கு ஒரு ஷிப்ட் ஓடும் வண்டிக்குச் சரி, மூன்று ஷிப்ட் ஓடும் வண்டிக்குப் போதாது. 250 மணி நேரத்துக்கு ஒன்று, 500க்கு ஒன்று என்று மேனுவல் சொல்வதைப் பின்பற்றுங்கள்.

குறை என்று எழுதிய அன்றே சாவியை வாங்கி வைக்கும் அதிகாரம் சூப்பர்வைசருக்கு வேண்டும். சிவப்பு அட்டை தொங்கும் வண்டியை டிஸ்பாட்ச் அவசரத்தில் யாரும் எடுக்க முடியாதபடி சாவி ஆபீஸ் மேஜைக்குள் இருக்க வேண்டும். குறை சொன்ன ஆபரேட்டரை "உனக்கு வேலை செய்ய இஷ்டமில்லை" என்று ஒருமுறை திட்டினால் போதும், அந்த வருடம் முழுக்க உங்கள் ஷீட்டில் எல்லாம் ஓகேதான்.

பழுது பார்க்கிறவரின் உயிரையும் கவனியுங்கள். மாஸ்ட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, ஹைட்ராலிக்கை நம்பி அடியில் தலையை நுழைப்பார்கள். ஒரு ஓஸ் கழன்றால், ஃபோர்க் மாட்டியிருக்கும் கேரேஜ் என்ற சட்டம் அப்படியே இறங்கும். தடித்த செயினால் கட்டியோ முட்டுக் கொடுத்தோதான் கீழே போக வேண்டும். சர்வீஸ் ஆள் வெளியிலிருந்து வந்தவர் என்றாலும் உங்கள் கேட்டுக்குள் இருக்கும்போது அவர் பாதுகாப்பும் உங்கள் கணக்கில்தான். விபத்து நடந்து, அடிபட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாமல் போனால் துறைக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது தொழிற்சாலைச் சட்டத்தின் 88ஆம் பிரிவு. "ஆஸ்பத்திரிச் செலவை நாமே பார்த்துக்கொள்ளலாம்" என்று மூடி மறைத்தால் அது தனிக் குற்றம்.

இந்த வாரம் ஆடிட்டருக்கு என்ன அனுப்புவது? இந்தியாவில் லோலர் பொருந்தாது, அதற்கு இணையாகத் தொழிற்சாலைச் சட்டம் 29ஆம் பிரிவின் பரிசோதனை இருக்கிறது என்று ஒரு பக்கக் கடிதம். கூடவே காம்பிடன்ட் பெர்சனின் அங்கீகார நகல், இரண்டு வண்டிக்கும் பரிசோதனைக்குத் தேதி குறித்த உறுதி, வாடகைக்காரரிடமிருந்து பேட்டரி எடை பற்றிய எழுத்து. பிரிட்டனின் பரிசோதனையில் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் சேர்ந்துவிடும் என்பதால், நம் பரிசோதகரையும் அவற்றைப் பார்த்து அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள், மாட்டேன் என்று சொல்ல மாட்டார். அவர் வரும் நாளில் வண்டியைக் கழுவி, அதற்கேற்ற எடையுள்ள சுமையைத் தயாராக வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு அந்த வண்டிக்கு வேலை எதுவும் வைக்காதீர்கள். பத்து நிமிடத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தால் வெர்னியரைக் கையில் கொடுத்து, ஃபோர்க்கின் தடிமனை எழுதிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.